எஸ்டிமேட்டில் மில்லிமீட்டர் எங்கே?

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன். 2017 மாடல் ஜெர்மன் டூ-சீட்டர் ஸ்போர்ட்ஸ் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 46,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பிரேக் பேட் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. 80-க்கு மேல் போய் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க், பேட் மாற்ற ரூ.2,36,000 எஸ்டிமேட் கொடுத்தார்கள். மாதவரம் பக்கம் ஒரு காரேஜில் 'ஃபுல் செட்' ரூ.1,20,000 என்கிறார்கள். வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போய், வேலை முடித்துக் கொண்டுவந்து விடுவதாக இன்னொருவர் ரூ.95,000 சொல்கிறார். வெளி காரேஜில் விட்டால் வாரண்டி போய்விடும் என்றும் கம்பெனியில் பயமுறுத்துகிறார்கள். எங்கே விடுவது?

பதில்: நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட் நகலில் 14 வரி இருக்கிறது. காரேஜ்காரர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் ஒரே வரி. இரண்டிலும் இல்லாதது ஒன்று: உங்கள் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் தட்டு, பேட் இதை இருபுறமும் கவ்வித்தான் வண்டி நிற்கிறது) இப்போது எத்தனை மில்லிமீட்டர் கனம் இருக்கிறது என்ற அளவு. யாரும் அளந்து பார்க்கவே இல்லை. அளக்காமல் எழுதிய இரண்டு தொகையை வைத்து எது மலிவு என்று கணக்குப் போடுவதில் அர்த்தமில்லை.

முதலில் அந்த 95,000 ஆசாமியை விட்டுவிடுங்கள். வண்டி எந்த ஷெட்டுக்குப் போகிறது, யார் கை வைக்கிறார்கள், எந்தப் பெட்டியிலிருந்து பேட் வந்தது, எதுவும் உங்களுக்குத் தெரியாது. அவர் வண்டியை ஒரு காரேஜில் விட்டு, பேசிய தொகையில் தன் கமிஷனை எடுத்துக்கொள்கிறவர். கமிஷன் போக மிஞ்சுவதில் காரேஜ்காரர் லாபம் பார்க்க வேண்டும். அப்படியானால் எங்கே கை வைப்பார்? பாகத்தில்தான். பழைய டிஸ்க்கை லேத்தில் கடைந்து, நடுப்பகுதிக்கு வெள்ளி ஸ்ப்ரே அடித்து 'புதுசு' என்று மாட்டுவது இந்த வழியில்தான் நடக்கிறது. ஒரு டிஸ்க் மொத்த ஆயுளுக்கும் தேய அனுமதி பெரும்பாலும் 1.5 முதல் 2 மி.மீ. வரைதான். லேத்தில் கடைந்தால் அதில் பாதி அங்கேயே போய்விடும். 'இன்னா சார், நம்ம பையன் கையில வுடுங்க, சாய்ங்காலம் வண்டி வாசல்ல நிக்கும்' என்று சொல்வார்கள். நிற்கும்தான். நூறில் வரும்போதும் நிற்குமா என்பதுதான் விஷயம்.

இப்போது டீலர், அதாவது கம்பெனி ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட். முன் டிஸ்க் இரண்டு 56,000, பின் டிஸ்க் இரண்டு 44,000, முன் பேட் செட் 26,000, பின் பேட் செட் 21,000, சென்சார் இரண்டு 7,000, பிரேக் ஆயில் 3,000, கன்ஸ்யூமபிள்ஸ் (கிரீஸ், கிளீனர் போன்ற சில்லறை) 4,000. ஆக பாகங்கள் 1,61,000. லேபர் 39,000. இரண்டும் சேர்த்து இரண்டு லட்சம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 36,000. (கார் பாகங்களுக்கான வரி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது 2025 செப்டம்பர் 22-ல். அதற்கு முந்தைய பழைய பில்லைக் காட்டி யாராவது 'போன வருஷமே இவ்வளவு ஆச்சு' என்றால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

லேபரைப் பிரித்துப் பாருங்கள். முன் டிஸ்க் மாற்ற 9,000, முன் பேட் மாற்ற 6,000. பின்பக்கமும் அதே 9,000, அதே 6,000. இதோடு பிளீடிங் (பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவது) 4,000, பரிசோதனை 5,000. டிஸ்க்கைக் கழற்ற வேண்டுமானால் சக்கரம் கழற்ற வேண்டும், பேட்டைப் பிடித்திருக்கும் கவ்வியான காலிப்பர் கழற்ற வேண்டும். அப்போது பேட் தானாகக் கையோடு வந்துவிடும். டிஸ்க் மாற்றும் நேரத்துக்குள்ளேயே பேட் மாற்றும் நேரமும் அடங்கிவிட்டது. தனியாகப் பேட் மட்டும் மாற்றினால்தான் அந்த 6,000 நியாயம். கம்பெனி லேபர் நிமிடக் கணக்கில் புத்தகமாகவே இருக்கிறது. கம்ப்யூட்டரில் இரண்டு வேலையையும் தனித்தனியாகத் தட்டினால் இரண்டு நேரமும் கூடிவிடும். சர்வீஸ் அட்வைசர் வேண்டுமென்றே செய்தாரா, கை தவறியதா என்று ஆராய வேண்டாம். 'டிஸ்க் லேபர்ல பேட் லேபர் அடக்கம்தானே, ஓவர்லேப்பை எடுத்துடுங்க' என்று கேளுங்கள். விவரம் தெரிந்து கேட்கிறவரிடம் பெரும்பாலும் வாதாட மாட்டார்கள்.

அடுத்தது, நாலு சக்கரமும் தேவையா? நீங்கள் சொல்லும் உதறல் ஸ்டியரிங்கில் தெரிகிறது. அது பெரும்பாலும் முன் அச்சு. பின்பக்கக் கோளாறு என்றால் சீட்டிலும் பெடலிலும்தான் அதிகம் தெரியும். எச்சரிக்கை விளக்கும் ஏதோ ஒரு அச்சில் பேட் தேய்ந்து, சென்சார் ஒயர் டிஸ்க்கில் உரசி அறுந்ததால் எரிவது. டிஸ்க்கை ஜோடியாக மாற்ற வேண்டும், ஒரு அச்சில் ஒன்று பழசு ஒன்று புதுசு கூடாது. ஆனால் முன்பக்கம் தேய்ந்ததற்காகப் பின்பக்கத்தையும் சேர்த்து மாற்று என்று எந்த விதியும் இல்லை.

அளக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். டிஸ்க்கின் நடுக்கிண்ணத்திலோ விளிம்பிலோ குறைந்தபட்ச கனம் பொறித்திருப்பார்கள். ஆங்கிலத்தில் 'மின் டி.எச்.' என்று போட்டு பக்கத்தில் எண் இருக்கும். துரு மூடியிருந்தால் ஒயர் பிரஷ் போட்டால் தெரியும். கனத்தை மைக்ரோமீட்டர் என்ற கருவியால் அளக்க வேண்டும். வெர்னியர் வைத்து அளந்தால் ஏமாந்து போவீர்கள். பேட் உரசாத வெளி விளிம்பு தேயாமல் ஒரு வரப்பு மாதிரி எழும்பி நிற்கும், வெர்னியரின் தாடை அந்த வரப்பின் மேல் உட்கார்ந்து, தேய்ந்துபோன டிஸ்க்கையும் கனமாகக் காட்டும். பேட்டையும் சக்கர இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கண்ணில் படுவது வெளிப்பக்கப் பேட். ஸ்லைடிங் காலிப்பர் நகர்வதற்கான கம்பி (ஸ்லைடு பின்) இறுகிப்போயிருந்தால் உள்பக்கப் பேட் அதைவிட வேகமாகத் தேய்ந்திருக்கும். உரசும் பொருள் 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள்.

பின்பக்கம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் அதே டீலரின் அதே விலையில் கணக்கு இப்படி வரும்: முன் டிஸ்க் 56,000, பேட் 26,000, ஒரு சென்சார் 3,500, ஆயில் 3,000, டிஸ்க் லேபர் 9,000, பிளீடிங் 4,000. கன்ஸ்யூமபிள்ஸ், பரிசோதனை சேர்க்காமல் மொத்தம் 1,01,500. வரியோடு 1,19,770. நீங்கள் பாதி விலை என்று நினைத்த மாதவரம் காரேஜ் தொகையும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான்!

அதற்காக டீலரிடமே போங்கள் என்று சொல்லவில்லை. இந்த வேலைக்கு நல்ல காரேஜே போதும், காசும் மிச்சமாகும். பிரெம்போ, ஏ.டி.இ., டெக்ஸ்டார், பாகிட் போன்ற கம்பெனிகள்தான் கார் கம்பெனிகளுக்கே டிஸ்க், பேட் செய்து தருகின்றன. அவர்கள் சொந்தப் பெட்டியில் விற்கும்போது காரின் லோகோ இருக்காது, லோகோவுக்கான விலையும் இருக்காது. ஆனால் காரேஜ்காரர் சொன்ன 'ஃபுல் செட்' என்ற வார்த்தைக்கு அர்த்தமே கிடையாது. என்ன பிராண்ட், எந்த எண், எத்தனை உருப்படி, சென்சார் உண்டா, ஆயில் உண்டா என்று டீலர் எஸ்டிமேட் போலவே வரி வரியாக எழுதி வாங்குங்கள். 17 எழுத்து சேஸிஸ் நம்பரைக் கொடுத்துப் பாகம் தேடச் சொல்லுங்கள். ஒரே மாடலுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு அளவு டிஸ்க் வருவதுண்டு. சில டிஸ்க்குகளில் உள்ளே காற்றுப்போகும் துடுப்புகள் சாய்ந்திருக்கும், இடது வலது வேறு வேறு. ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடையில் 'இது அதுக்கும் ஆவும் சார்' என்று தருவதை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பேட்டின் இரும்புத் தகட்டில் வட்டத்துக்குள் 'ஈ' குறியும் பக்கத்தில் '90 ஆர்' என்று தொடங்கும் அனுமதி எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அது ஐரோப்பிய மாற்றுப் பேட்டுக்கான தர அனுமதி. போலிகளில் அந்த எண் இல்லாமலோ, பெட்டியில் ஒன்று தகட்டில் ஒன்று என்றோ இருக்கும். 'பில் வேணாம்னா 18 சதவீதம் கம்மி பண்ணிக்கலாம்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பில் இல்லாத பாகத்துக்கு நாளைக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

வாரண்டி பயம் உங்களுக்குத் தேவையில்லை. 2017 வண்டிக்கு கம்பெனி வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. இருந்தாலும் தேய்ந்துபோகும் பேட், டிஸ்க்கை அது மூடாது. புது கார் வைத்திருப்பவர்களை இப்படி மிரட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உதிரிபாகத்தையும் ஸ்கேனர் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் பூட்டி வைத்ததற்காகவும், வெளியே வேலை பார்த்தால் வாரண்டி ரத்து என்று சொன்னதற்காகவும் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. உத்தரவு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, சர்வீஸ் கவுண்டரில் இன்றைக்கும் அதே பாட்டுதான். சட்டம் தீர்ப்பில் இருக்கிறது, கஸ்டமர் கையில் எஸ்டிமேட்தான் இருக்கிறது.

ஒரே ஒரு நிலையில் மட்டும் காரேஜ் பக்கமே போகாதீர்கள்: கார்பன் செராமிக் டிஸ்க், அதாவது இரும்புக்குப் பதில் கார்பன் நாரும் செராமிக்கும் சேர்த்துச் செய்தது. உங்கள் காரில் இருக்க வாய்ப்பு குறைவு, ஆனால் செகண்ட் ஹேண்ட் வண்டியில் முதல் உரிமையாளர் என்ன ஆப்ஷன் போட்டு எடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. போர்ஷே 2001-ல் தன் 911 ஜி.டி.2-வில் கொண்டுவந்தது முதல் அவர்களிடம் பெரும்பாலும் மஞ்சள் காலிப்பர்தான் இதன் அடையாளம். ஆனால் மஞ்சள் பெயிண்ட் டப்பா யார் வேண்டுமானாலும் வாங்கலாம், நிறத்தை நம்பாதீர்கள். வேறு வழி இருக்கிறது. வண்டியைக் கழுவி இரவு அப்படியே விட்டுவிட்டு விடிந்ததும் டிஸ்க்கைப் பாருங்கள். இரும்பு டிஸ்க் என்றால் காசிமேட்டுக் காற்றுக்கும் எண்ணூர் காற்றுக்கும் ஒரே ராத்திரியில் ஆரஞ்சு நிறப் பொடி பூத்திருக்கும். (அது கோளாறு இல்லை, நாலு முறை பிரேக் மிதித்தால் போய்விடும்.) செராமிக் டிஸ்க்கின் உரசும் பரப்பு துருப்பிடிக்காது, மங்கலான கருஞ்சாம்பல் நிறத்தில் நார் நாராகத் தெரியும். இதன் தேய்மானத்தைக் கனத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கழற்றித் தராசில் எடை பார்க்க வேண்டும், குறைந்தபட்ச எடை டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். சக்கரத்தைக் கழற்றும்போது ரிம் சாய்ந்து டிஸ்க் விளிம்பில் தட்டினால் சில்லுப் பெயர்ந்துவிடும், அதற்காகவே வழிகாட்டிக் கம்பி மாட்டித்தான் சக்கரத்தை இழுக்க வேண்டும். சாதாரண டிஸ்க்குக்கான பேட் இதற்கு ஆகாது. இதற்கு எவ்வளவு கேட்டாலும் டீலர்தான். இன்னொன்று, கடைக்காரர் சொல்லும் 'செராமிக் பேட்' இதுவல்ல. அது இரும்பு டிஸ்க்குக்கான ஒரு வகைப் பேட், தூசி குறைவாக விழும், அவ்வளவே. பெயர் ஒன்றாக இருப்பதால் விலை ஏற்ற வசதியாகப் போய்விட்டது.

காரேஜில் வேலை நடக்கும்போது பார்க்க வேண்டியது முக்கியமாக ஹப், அதாவது டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுப்பாகம். உதறலுக்கு 'டிஸ்க் வளைஞ்சுடுச்சு' என்பார்கள். உண்மையில் பல வண்டிகளில் டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு ஏறி, டிஸ்க் மயிரிழை சாய்ந்து சுற்றுகிறது. கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கு இது சகஜம். அந்தத் துருவைப் பளிச்சென்று தேய்த்து எடுக்காமல் புது டிஸ்க் மாட்டினால் முதல் ஆயிரம் கிலோமீட்டர் சுகமாக இருக்கும், பிறகு அதே உதறல் திரும்பி வரும். மாட்டியதும் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் கருவி) வைத்து டிஸ்க்கின் ஆட்டம் பார்க்கச் சொல்லுங்கள், பொதுவாக 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டயல் கேஜ் இல்லாத காரேஜ் என்றால் வேறு காரேஜ் தேடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. பின்பக்கமும் மாற்ற வேண்டியிருந்து, ஹேண்ட்பிரேக் மோட்டார் காலிப்பரிலேயே இருந்தால், ஸ்கேனரில் சர்வீஸ் மோடு போடாமல் பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து அழுத்தக் கூடாது, மோட்டார் பல்சக்கரம் உடைந்து தனிச் செலவு வரும். ஸ்லைடு பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ்தான், சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். பிரேக் ஆயில் உங்கள் காரின் மூடியில் எழுதியிருப்பது, பெரும்பாலும் டாட் 4, சீல் உடைக்காத டப்பா. பெயர் ஒத்துப்போகிறதே என்று டாட் 5 ஊற்றினால் கெட்டது, அது சிலிக்கான், மற்றவற்றோடு கலக்காது. சக்கர போல்ட்டை ஏர் கன்னால் அடித்து முறுக்கி முடிக்க விடாதீர்கள், கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்). பல ஜெர்மன் கார்களுக்கு 120 நியூட்டன் மீட்டர், உங்கள் காருக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். பழைய டிஸ்க், பேட் இரண்டையும் டிக்கியில் போடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

புது பேட் உடனே முழுப்பிடி பிடிக்காது. மணலி ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முதல் பிரேக்கைச் சோதிக்க வேண்டாம். விடியற்காலையில் மீஞ்சூர் பக்கமாக அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறி, பின்னால் வண்டி இல்லாதபோது 60-லிருந்து 10-க்கு மிதமாக மிதித்து இறக்குங்கள், முழுக்க நிறுத்த வேண்டாம். எட்டுப் பத்து முறை, நடுவில் கொஞ்சம் ஓடவிட்டுச் செய்யுங்கள். லேசாகத் தீய்ந்த வாடை வரும், பயப்பட வேண்டாம். அதன்பிறகு பிரேக் தொடாமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போதே டோல்கேட்டில் போய்ப் பெடலை மிதித்தபடி நின்றால் பேட் பதிந்த தடம் டிஸ்க்கில் விழுந்து, எந்த உதறலுக்காக இவ்வளவு செலவழித்தீர்களோ அதே உதறலோடு வீடு திரும்புவீர்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் காரேஜுக்குப் போய் சக்கர போல்ட்டை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை, அதற்குக் காசு கேட்டால் அடுத்த சர்வீஸுக்கு வேறு இடம் பாருங்கள்.