தேர்வு நடப்பது கோப்பில்

அன்புள்ள ஐயா,

மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையரைப் பிரதமர், உள்துறை அமைச்சர், மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் ஆகிய மூவர் தேர்ந்தெடுக்கிறார்கள். இருவர் அரசுத் தரப்பு. அப்படியானால் மூன்றாமவர் எதற்கு? மூவரும் ஒப்பினால்தான் நியமனம் என்று ஆக்கிவிடக்கூடாதா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

2010இல் இந்த ஆணையராக நியமிக்கப்பட்ட பி.ஜே. தாமஸ் வழக்கில் இதே கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தீர்ப்பு 2011 மார்ச் 3. இந்த ஆணையத்துக்கான 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஒருமனதான முடிவைக் கேட்கவில்லை, ஒரு உறுப்பினருக்கு வீட்டோ, அதாவது தனியாகத் தடுக்கும் அதிகாரம், கிடையாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது சரி என்றே நினைக்கிறேன். வீட்டோ இல்லாதபோதே நியமனம் தாமதமாகி, 2021 ஜூன் முதல் 2022 ஆகஸ்ட் வரை பொறுப்பு ஆணையரை வைத்துத்தான் ஓட்டினார்கள்.

ஆனால் அந்த நியமனத்தை நீதிமன்றம் ரத்து செய்ததே, அதற்கான காரணத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 2010 செப்டம்பர் 3 அன்று குழுவின் முன் மூன்று பெயர்கள் இருந்தன. கேரள பாமாயில் இறக்குமதி வழக்கில் தாமஸ் மீது குற்றப்பத்திரிகை நிலுவையில் இருப்பதைச் சொல்லி அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா சுவராஜ் எதிர்த்தார். தாமஸ் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்று 2000 முதல் 2004 வரை பணியாளர், பயிற்சித் துறையின் கோப்பிலேயே குறிப்புகள் எழுதப்பட்டிருந்தன. அவற்றைக் குழு பரிசீலிக்கவே இல்லை. பட்டியலில் அவர் பெயர் ஏறியது 2008 அக்டோபரில் கிடைத்த விஜிலன்ஸ் கிளியரன்ஸை, அதாவது ஊழல் கண்காணிப்பு நோக்கில் தடையில்லை என்ற சான்றை, நம்பி. அதைக் கொடுத்ததும் இதே ஊழல் கண்காணிப்பு ஆணையம்தான். பழைய குறிப்புகளைப் படிக்காமல், கடைசியாக வந்த ஒரு தாளை மட்டும் பார்க்கும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

தாமஸ் நேர்மையானவரா என்பதல்ல, ஆணையத்தின் நம்பகத்தன்மை நிற்குமா என்பதே கேள்வி என்றது தீர்ப்பு. மற்ற அதிகாரிகளுக்குக் கிளியரன்ஸ் கொடுக்கும் நாற்காலியில் குற்றப்பத்திரிகை நிலுவையில் உள்ளவர் எப்படி உட்கார முடியும்?

அதனால் அந்தத் தீர்ப்பிலேயே நெறிமுறைகள் வந்தன. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பவர் ஏன் சேர்த்தோம் என்று எழுத வேண்டும். சாதகமோ பாதகமோ, எல்லா ஆவணங்களும் குழுவுக்குப் போக வேண்டும். குடிமைப் பணியினரை மட்டும் பார்த்தால் போதாது. மாற்றுக்கருத்துச் சொல்பவர் காரணம் எழுத வேண்டும். அதைத் தள்ளுகிற பெரும்பான்மையும் தெளிவான காரணம் எழுதியாக வேண்டும். உங்கள் மூன்றாமவரின் பலம் இங்கேதான் இருக்கிறது. அவர் எழுதும் ஒரு பக்கம் நாளை நீதிமன்றத்தில் அரசைப் பதில் சொல்ல வைக்கும். வாயால் சொல்லிவிட்டு வெளியே வந்தால் ஒன்றுமில்லை.

வயதையும் பாருங்கள். பதவிக்காலம் 4 ஆண்டு அல்லது 65 வயது, எது முந்துகிறதோ அது. 2020 ஏப்ரலில் பதவியேற்ற சஞ்சய் கோத்தாரி 14 மாதத்தில் ஓய்வுபெற்றார். பதவியேற்கும் நாளிலேயே ஓய்வு பெறும் தேதியும் தெரியும். ஆறு மாதம் முன்பே பட்டியல் வேலையைத் தொடங்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால், கோப்புகளை முழுதாகப் படிக்கக் குழுவுக்கு நேரமாவது இருக்கும்.