காமா கதிர் வெடிப்பு எந்தத் திசையில் நடந்தது என்று விண்கலம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

“காமா கதிரைச் சாதாரண லென்ஸால் குவிக்க முடியாதே, அப்புறம் திசை எப்படித் தெரியும்?” என்று தக்கலையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. மிக அதிக ஆற்றலுள்ள ஒளியான காமா கதிர், வெகு தொலைவிலிருந்து திடீரென்று பளிச்சிட்டு மறைவதுதான் காமா கதிர் வெடிப்பு.

நிழலை வைத்துத்தான். குளச்சலில் எங்கள் வீட்டு முற்றத்துத் தென்னை ஓலையின் நிழல் காலையில் மேற்குச் சுவர்மேல் விழும். சாயங்காலம் கிழக்கே கிணற்றடிக்கு வந்துவிடும். அண்ணாந்து பார்க்காமலே சூரியன் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம். 2004-ல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் விண்கலம் செய்வதும் இதுதான். ஓலைக்குப் பதிலாக, சுமார் 52,000 ஈயத் துண்டுகளை ஒழுங்கில்லாமல் பதித்த ஒரு தட்டு. அதற்கு ஒரு மீட்டர் கீழே 32,768 உணரிகள். ஈயம் மறைத்த இடத்தில் பதிவாகும் காமா கதிர்களின் எண்ணிக்கை குறையும். ஒழுங்கில்லாததுதான் இதில் அழகு: ஒவ்வொரு திசைக்கும் விழும் நிழல் வேறு வேறு. கணினி பொருத்திப் பார்த்துத் திசையைச் சொன்னதும், கலமே அந்தப் பக்கம் திரும்பி, மங்கிவரும் பின்னொளியை எக்ஸ் கதிரில் பார்க்கும்.

சரி, அளவீடு? ஒவ்வொரு ஃபோட்டானும் (ஒளித்துகளும்) வந்த நேரமும் அதன் ஆற்றலும் பதிவாகும். மொத்த ஒளியில் 5 சதவீதத்திலிருந்து 95 சதவீதம் வந்து சேரும் நேரமே வெடிப்பின் நீளம். 2 நொடிக்குள் என்றால் பெரும்பாலும் நியூட்ரான் விண்மீன்களின் (இறந்த பெருவிண்மீன்கள் விட்டுச்செல்லும் அடர்ந்த கருக்களின்) மோதல். அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் பெருவிண்மீனின் மரணம். தூரம் பின்னொளியின் செம்பெயர்ச்சியில், அதாவது அதன் ஒளி சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதில், கிடைக்கும்.

2015-ல் ஏவப்பட்ட நம் நாட்டு விண்கலமான ஆஸ்ட்ரோசாட்டும் இப்படிப்பட்ட வெடிப்புகளை நூற்றுக்கணக்கில் பதிவு செய்திருக்கிறது. ஆற்றல் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு) மேல் என்றால் அதன் பக்கச் சுவர்களையே கதிர்கள் ஊடுருவிவிடும்; அதனால் பக்கவாட்டில் நடந்தாலும் தப்பாது.