முதலில் எந்தக் கரை என்று முடிவு செய்யுங்கள்

கேள்வி: மதுரை சித்திரைத் திருவிழாவுக்குத் திண்டுக்கல்லிலிருந்து காரில் வருகிறோம். எழுபது தாண்டிய அம்மாவும் எட்டு வயதுப் பையனும் கூட வருகிறார்கள். கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு, வில்லாபுரத்தில் சித்தி வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட முடியுமா? காரைக் கோரிப்பாளையம் பக்கம் எங்கே விடலாம்?

பதில்: எங்கேயும் விட முடியாது. கோரிப்பாளையம், தல்லாகுளம், யானைக்கல் எல்லாம் அன்று நடக்கிற ஆட்களுக்கே பத்தாது.

நீங்கள் யோசிக்க வேண்டியது காரை இல்லை, ஆற்றை. கோரிப்பாளையம் வடகரை, வில்லாபுரம் தென்கரை. நடுவில் இருக்கிற ஏ.வி. பாலம் 1889-இல் திறந்தது, அதன் பக்கத்தில்தான் அழகர் இறங்குகிறார், ஆக அன்று காலை ஊரின் நடு வழியே அடைபட்டுப் போகும். அதற்கு முந்தின நாளும் லேசுப்பட்டதில்லை. காலையில் தென்கரையில் மாசி வீதிகளில் தேர் ஓடும், அதே நாள் வடகரையில் எதிர்சேவை, அதாவது ஊருக்குள் வருகிற அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்பது. வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வதெல்லாம் பெரும்பாலும் இந்த ஆற்றைக் குறுக்கே கடக்கப் போய்த்தான்.

அதனால் முந்தின நாள் காலையிலேயே வந்துவிடுங்கள். சமயநல்லூரில் ஊருக்குள் திரும்பாமல் நான்குவழிச் சாலையிலேயே கப்பலூர் வரை போய், ரிங் ரோட்டில் ஏறி, அவனியாபுரம் வழியாக வில்லாபுரம். கிலோமீட்டர் கூடத்தான், ஆனால் வண்டி நிற்காது.

அம்மாவை ஆற்றுப் பக்கம் கூட்டிப்போகவே வேண்டாம் என்பேன். 2022-இல் அந்த நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்துபோனார்கள். அம்மாவுக்கு எதிர்சேவைதான் சரி. காலையில் மூன்றுமாவடியில் ஆரம்பித்து, புதூர், ரிசர்வ் லைன் என்று மண்டகப்படி மண்டகப்படியாக (சாமி நின்று போகிற மண்டபம், பந்தல்) நின்று நின்று, ராத்திரிதான் அழகர் தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்கு வந்து சேர்வார். ரிசர்வ் லைன் பக்கம் ஏதாவது ஒரு மண்டகப்படியில் சாயங்காலம் போய்க் கேட்டால் வயசானவர்களுக்கு ஒரு நாற்காலி போடாமல் இருக்க மாட்டார்கள், அழகர் அம்மாவைத் தேடி வருவார். அங்கே போவதற்கும் ரிங் ரோடுதான்: விரகனூர், பாண்டி கோயில், மாட்டுத்தாவணி. அங்கிருந்து ஆட்டோ. திரும்புவதும் அதே வழி, குறுக்கு வழி என்று ஆட்டோக்காரர் ஆசை காட்டினாலும் சம்மதிக்காதீர்கள்.

ஆற்றில் இறங்குவதைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் நீங்கள் மட்டும் விடிகாலை இரண்டு, மூன்று மணிக்குக் கிளம்புங்கள். சித்தி வீட்டு டூவீலரைத் தெற்குவாசல் பக்கம் தெரிந்தவர்கள் வீட்டில் விட்டுவிட்டு கீழவாசல் வழியாக நடையைக் கட்ட வேண்டியதுதான். வடகரைக்குப் போக ஆசைப்படாதீர்கள். தென்கரையிலிருந்து பார்த்தால் தங்கக்குதிரை கொஞ்சம் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான், ஆனால் திரும்பி வர வழி இருக்கும்.

பையனையும் கூட்டிப்போனால் (நான் கூட்டிப்போக மாட்டேன்) சட்டைப்பையில் உங்கள் நம்பர் எழுதிய சீட்டு, அப்புறம் "காணாமல் போனால் இங்கே நில்" என்று ஒரு அசையாத இடம். கூட்டத்தில் போன் கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி வையுங்கள், கருப்பசாமி வேஷம் போட்டவர்கள் தோல்பையிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீருக்குப் போன், மணிபர்ஸ் என்ற பேதமெல்லாம் கிடையாது.

மதியச் சாப்பாடு? வழியெல்லாம் நீர்மோர், பானகம், புளியோதரை என்று கையில் திணித்துக்கொண்டே இருப்பார்கள். சித்தியிடம் மூன்று மணிக்கு மேல் என்று இப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு கோபித்துக்கொள்ளப் போகிறார்.