பழைய ரெட்மி நோட் 4ல லினக்ஸ் போடலாமா? குமுளி அண்ணனுக்கு பதில்

குமுளில இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. "மக ஒன்பதாவது படிக்கிறா, தமிழ் மீடியம். ஸ்கூல் லேப்ல எல்லாம் லினக்ஸ்தான், லிப்ரே ஆபீஸ், பைத்தான்னு அதுலயே சொல்லித் தாராங்க, வீட்ல போட்டுப் பாக்க கம்ப்யூட்டர் இல்ல. அலமாரில ஒரு ரெட்மி நோட் 4 சும்மா கிடக்கு, 4 ஜிபி ரேம், டிஸ்பிளே நல்லாருக்கு. அதை அழிச்சிட்டு லினக்ஸ் ஏத்தலாமா? எனக்கும் ஏலக்கா எடைக் கணக்கு போட ஒரு ஷீட் ஓடுனா போதும்."

ஏத்தலாம்ணே. ஆனா அந்த 'அழிச்சிட்டு'ங்கிறத மட்டும் விட்ருங்க. கேரளால கவர்மெண்ட் ஸ்கூலுக்கு கைட் காரங்க, அதான் பள்ளிக்கூட கம்ப்யூட்டர் வேலைய பாக்குற கேரள அரசு நிறுவனம், குடுக்குறது உபுண்டுங்கிற லினக்ஸ் வகைல இருந்து செஞ்சது, அதுல பாப்பா பழகுன புரோகிராம்ல முக்காவாசி ஆண்ட்ராய்டை தொடாமலே இந்த போன்ல ஓடும். ஆண்ட்ராய்டுக்கு அடில இருக்கதே லினக்ஸோட கெர்னல்ங்கிற அடிப்பகுதிதான, அதுமேல டெபியன்னு இன்னொரு லினக்ஸ் வகைய ஒரு ஆப்புக்குள்ள குடி வச்சா முடிஞ்சுது. போனோட பூட்டை உடைக்கிற ரூட், அன்லாக் எதுவும் வேணாம், பிடிக்கலன்னா ஆப்பை தூக்கிட்டா போன் பழையபடி.

ஆப்பு பேரு டெர்மக்ஸ். பிளே ஸ்டோர்ல எடுக்காதீங்க, எஃப்-ட்ராய்டுனு ஒரு இடம் இருக்கு அதுல எடுங்க. ஆண்ட்ராய்டு 7 இருந்தா போதும், உங்க போன கடைசி வரைக்கும் அப்டேட் பண்ணிருந்தா அதான் இருக்கும். உள்ள போய் ப்ரூட்-டிஸ்ட்ரோனு ஒரு பேக்கேஜ போட்டு, அது வழியா டெபியன், டெபியனுக்குள்ள எக்ஸ்எஃப்சிஈனு ஒரு லேசான டெஸ்க்டாப், லிப்ரே ஆபீஸ், பைத்தான். கமாண்டை நான் இங்க தமிழ் எழுத்துல அடிச்சா அது அப்படியே வேலை செய்யாது, டெர்மக்ஸ் விக்கில இருக்கத காப்பி பண்ணி ஒட்டுங்க, பாப்பாவ விட்டா பத்து நிமிசத்துல பிடிச்சுக்கும். ரெண்டு மூணு ஜிபி வரைக்கும் இழுக்கும், வைஃபை இருக்க இடத்துல உக்காந்து போடுங்க, மொபைல் டேட்டால ஆரம்பிச்சு பாதில நின்னுச்சுன்னா எரிச்சலாயிரும்.

திரையில கொண்டாறதுலதான் ஒரு சின்ன சிக்கல். யூடியூப்ல எல்லாரும் டெர்மக்ஸ் எக்ஸ்11னு காட்டுவாங்க, அதுக்கு ஆண்ட்ராய்டு 8 வேணும், உங்களுதுல ஏறாது. நீங்க டெபியனோட திரைய அனுப்புற டைகர்விஎன்சி சர்வரை போட்டு, அதைக் காட்டுற ஒரு விஎன்சி வியூவர் ஆப்பையும் அதே போன்ல போட்டு, 5901ங்கிற போர்ட் நம்பர்ல கனெக்ட் பண்ணணும். ரெசல்யூஷனை 1280க்கு 720ன்னு வைங்க, முழு எச்டி வச்சா அஞ்சரை இஞ்ச் திரைல எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி தெரியும். தமிழ் ஃபாண்ட் பேக்கேஜ் தனியா போடணும், மறந்துட்டா ஷீட்ல நீங்க அடிச்சு வச்ச பேரெல்லாம் கட்டம் கட்டமா நிக்கும், மலையாளத்துக்கும் அதே கதைதான்.

டிவில மாட்டலாமான்னு அடுத்து கேப்பீங்க. வயர் போட்டு முடியாது, இந்த மைக்ரோ யுஎஸ்பில வீடியோ வெளிய வராது. கீபோர்டும் பாத்து வாங்குங்க, போன்ல யுஎஸ்பி சாமான் மாட்டுற ஓடிஜி கேபிள்ல மாட்டுனா அந்த நேரம் சார்ஜ் ஏறாது, ஒரே ஓட்டைதான. ப்ளூடூத் கீபோர்டு மவுஸ்னா சார்ஜர் பாட்டுக்கு மாட்டிக் கிடக்கும்.

இன்னொன்னு, ரெட்மில வர்ற எம்ஐயுஐ சாஃப்ட்வேர் பேட்டரிய மிச்சம் பண்றேன்னு டெர்மக்ஸை நடுவுல கொன்னுரும். செட்டிங்ஸ்ல பேட்டரி சேவர்ல போய் டெர்மக்ஸுக்கு நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் குடுங்க, டெர்மக்ஸ் நோட்டிபிகேஷன்ல வேக்லாக்னு இருக்கும், போனை தூங்க விடாம வைக்கிறது, அதையும் தொட்டு விடுங்க. இதை செய்யாமத்தான் பாதிப்பேரு 'அண்ணே திடீர்னு கருப்பாயிருச்சு'ன்னு நம்ம கடைக்கு வாராங்க.

வேகம் எப்பிடின்னா, பைத்தான் தாராளமா ஓடும், சொல்லப்போனா அதுக்கு டெஸ்க்டாப்பே வேணாம், வெறும் டெர்மக்ஸ்லயே படிக்கலாம். ஷீட் திறக்க கொஞ்ச நேரம் எடுக்கும், திறந்துட்டா தொந்தரவு இல்ல. படம் வரையுற இங்க்ஸ்கேப் திணறும். வீடியோ அதுல பாக்காதீங்க, ஆண்ட்ராய்டுலயே பாருங்க.

சரி, முழுசா அழிச்சுப் போடுற வழி எதுக்கு இருக்குன்னு கேட்டா, 2017ல ஆரம்பிச்ச போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்னு ஒண்ணு இருக்கு, ஆல்பைன்னு ஒரு சின்ன லினக்ஸ் மேல கட்டுனது, பழைய போனுக்கு பத்து வருச ஆயுசு குடுக்கணும்னு வந்தது, எனக்கு ரொம்ப பிடிக்கும். நோட் 4க்கு ஏத்த மாதிரி செஞ்சதும் இருக்கு. ஆனா வேற ஓஎஸ் ஏற விடாம தடுக்குற பூட்லோடர் பூட்டை அன்லாக் பண்ண விண்டோஸ் கம்ப்யூட்டர் வேணும், கம்ப்யூட்டர் இல்லன்னுதான நாம இந்தப் பாடே படுறோம். எம்ஐ அக்கவுண்ட்ல சேத்துட்டு நாள் கணக்கா காத்திருக்கணும், அன்லாக் ஆகுற அந்த நிமிசமே போன்ல இருக்க எல்லாம் போயிரும். என் தங்கச்சி வளைகாப்பு போட்டோ முழுக்க நான் அப்பிடித்தான் தொலைச்சேன், பேக்கப் எடுத்துட்டேன்னு நெனச்சு எடுக்காம விட்டது, இன்னைக்கும் வீட்ல சொல்லிக் காட்டுவாங்க. ஒரே பேருல ஸ்நாப்டிராகன் சிப் போட்ட நோட் 4ம் இருக்கு மீடியாடெக் சிப் போட்ட நோட் 4ம் இருக்கு, இந்தியால வித்தது ஸ்நாப்டிராகன் 625, ஒண்ணுக்கான ஓஎஸ் ஃபைலை இன்னொண்ணுல ஏத்துனா போன் செத்துரலாம். ஏத்துன பிறகும் கேமரா மாதிரி சிலது வேலை செய்யாமப் போகலாம். வேற வேலைக்கு வேணாம்னு முடிவான போன்ல ஆசைக்கு செஞ்சு பாக்கலாம், பாப்பா பரிட்சைக்கு நம்பி இருக்க போன்ல வேணாம்.

இதுக்கெல்லாம் முன்னாடி பேட்டரியப் பாருங்க. போனை கண்ணாடி மேசைல மல்லாக்க வச்சு ஒரு ஓரத்த விரலால சுண்டுங்க. பம்பரமா சுத்துனா முதுகு உப்பிருச்சுன்னு அர்த்தம், அதோட சார்ஜ் போட்டு மணிக்கணக்கா ஓட்டக்கூடாது, சுத்தாம நகந்து நின்னாலும் அலமாரில எத்தன வருசம் கிடந்துச்சோ, மாத்திட்டு ஆரம்பிக்கிறது நல்லது. நல்ல பேட்டரி இருந்தா மழைக்காலத்துல கரண்ட் போனாலும் பாப்பா எழுதுன புரோகிராம் போகாது, யுபிஎஸ் உள்ளயே இருக்கு.

ஞாயித்துக்கிழமை கம்பம் சந்தைப் பக்கம் வந்தா போனைக் கையோட கொண்டாங்கண்ணே, பேட்டரிய மட்டும் நான் மாத்தி விடுறேன், மத்தத பாப்பாவே போட்டுரும்.