வயிற்றைக் கழுவும் முன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் சாப்பிடுகிறேன். எப்போதும் வயிற்று உப்புசம், மலச்சிக்கல், அசதி. உடன் வேலை செய்யும் தோழி ஏழு நாள் சாறு மட்டும் குடித்து மூன்று கிலோ குறைந்துவிட்டார். என் அக்கா நிலவாகைப் பொடி சாப்பிடச் சொல்கிறார். ‘டீடாக்ஸ்’ தூள் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் உடம்பில் சேர்ந்த கழிவை வெளியேற்ற எனக்கு எந்த முறை பொருந்தும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

பதில்: அன்புச் சகோதரி, தூளைப் பிரிப்பதற்கு முன்பே எழுதினீர்களே, அது எனக்குப் பெரிய நிம்மதி.

உங்கள் கடிதத்தில் கிளிமிபிரைடு என்ற பெயரைத்தான் முதலில் வட்டமிட்டேன். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று அது பார்க்காது; பட்டினியிலும் இரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும். என் சித்தி இதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் எலுமிச்சைச் சாறு மட்டும் குடித்து இருந்தார். மறுநாள் விடியற்காலையில் வியர்த்துக் கொட்ட, பேச்சுக் குழறச் சமையலறைச் சுவரில் சாய்ந்து கிடந்தார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆகவே கண்டிப்பாகவே சொல்கிறேன்: ஏழு நாள் சாறு உங்களுக்கு வேண்டாம்; மூன்று நாளும் வேண்டாம்.

தோழி குறைத்த எடையை நினைத்தும் ஏங்காதீர்கள். சாப்பாடு நின்றதும் உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்த சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் வெளியேறும். இட்லியும் சோறும் திரும்பி வந்ததும் அந்தத் தண்ணீரும் திரும்பிவிடும்.

கழிவை அகற்றும் வேலை உங்களுக்குள் இரவும் பகலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை அல்லது இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக அனுப்புகின்றன. அவற்றுக்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தாலே போதும்.

அக்காவின் நிலவாகையைக் குறை சொல்ல மாட்டேன். ஓரிரு நாள் சிக்கலுக்கு உதவுகிற நல்ல மூலிகை அது. நாள்தோறும் சாப்பிட்டால் பேதியோடு பொட்டாசியமும் போகும். டெல்மிசார்டான் சாப்பிடுகிறவருக்குப் பேதியில் நீர் வற்றினால் சிறுநீரகம் திணறும். சிறு வயதில் ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெய் குடித்தோம், சித்த மருத்துவத்திலும் பேதி உண்டு, உண்மைதான். ஆனால் வைத்தியர் நாடி பார்த்து, வயதும் வலுவும் பார்த்து அளவு சொல்வார். அன்றைக்குக் கஞ்சி, மறுநாள் மோர்ச்சோறு என்று பத்தியமும் சொல்வார். டப்பாவில் வரும் தூளுக்கு உங்களைப் பார்க்கக் கண் இல்லை.

மெரினாவில் நடந்துவிட்டு வண்டிக் கடையில் ஒரு டம்ளர் சாறு குடிப்பது சென்னையில் பலருக்குப் பழக்கம். நீங்களும் போவீர்களானால் ஒன்றை மறக்காதீர்கள்: சுரைக்காய்ச் சாறு கசந்தால் ஒரு மிடறுகூட விழுங்கக் கூடாது. அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்னும் நஞ்சு. இரத்த வாந்தி எடுக்க வைக்கும். நம் நாட்டில் உயிர்களே போயிருக்கின்றன. கசந்தால் மருந்து என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடும் பழக்கம் நமக்கு இருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பச்சைப் பாலக் கீரையைத் தினமும் அரைத்துக் குடிப்பதும் வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் கல்லாகப் படியலாம்.

நீங்கள் கழிவு என்று நினைப்பதற்கு வேறு பெயர் இருக்கலாம் என்பது என் சந்தேகம். மெட்ஃபார்மினே சிலருக்கு வயிற்றை உப்ப வைக்கும். ஆண்டுக்கணக்கில் சாப்பிடும்போது உடம்பில் வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறை அசதியாகவும் தெரியலாம். மலச்சிக்கலும் அசதியும் சேர்ந்தால் தைராய்டையும் பார்க்க வேண்டும். பி12, தைராய்டு, ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய நான்கையும் பரிசோதித்துவிட்டு உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

கிரியாட்டினின் சரியாக இருந்தால், கல்யாணம் வரை வயிற்றுக்கு நான் சொல்லும் சுத்தம் இதுதான். வாழைத்தண்டைச் சாறு பிழிந்து சக்கையை எறியாமல் கூட்டாகவோ மோர்ப் பச்சடியாகவோ செய்யுங்கள். குடலுக்கு வேண்டியது அந்த நார்தான். மதியம் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் அவரைக்காயோ கொத்தவரங்காயோ முளைக்கீரையோ வையுங்கள். நாரை ஒரே நாளில் கூட்டினால் உப்புசம் அதிகமாகும். இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். அப்பளம், ஊறுகாய், மாலை நேர மிக்சர் மூன்றையும் கல்யாணம் வரை நிறுத்துங்கள். நாளொன்றுக்கு உப்பு ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும். இவை மூன்றுமே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டு, மொட்டை மாடியில் இருபது நிமிடம் நடங்கள்.

பேதி மருந்துதான் வேண்டும் என்று மனம் கேட்டால், அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. மாத்திரைச் சீட்டையும் பரிசோதனை முடிவுகளையும் கையோடு எடுத்துச் சென்று கேளுங்கள்.

தூள் டப்பாவை இன்றே கடையில் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். வாங்க மறுத்தால் காசு போகட்டும். முடிவுகள் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். பி12 எவ்வளவு என்று குறிப்பிட மறக்க வேண்டாம்.