பழைய தோட்டப் படங்களைப் பெயரிட்டுப் பத்திரப்படுத்துவது எப்படி? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்து இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்துவிட்டவர்களின் பழைய படங்களை ஸ்கேன் செய்து கொடுக்கிறேன், சில வருடங்களாக. படத்தை வாங்கிப் போகிற எல்லாரும் அதை எப்படி அடுக்குவது, எங்கே வைப்பது என்று கேட்கிறீர்கள். வந்த கேள்விகளை அப்படியே போட்டுப் பதில் எழுதுகிறேன்.

அண்ணே, கைப்பேசியில் 11,000 படம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் வெறும் எண்தான் பெயர். எங்கே ஆரம்பிப்பது?

தம்பி, 11,000 படத்துக்கும் பெயர் வைக்க உட்காராதீர்கள், மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். முதலில் வருடத்துக்கு ஒரு கோப்புறை, அதற்குள் நிகழ்ச்சிக்கு ஒன்று. நிகழ்ச்சிக் கோப்புறைக்குப் பெயர் இப்படி: 2024-01-25_கல்லுமலை_தைப்பூசம். வருடம், மாதம், நாள் என்ற வரிசை முக்கியம். கணினி இடமிருந்து வலமாகப் படித்துத்தான் வரிசைப்படுத்தும், நாளை முன்னால் வைத்தால் எல்லா மாதத்து 5ஆம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரமும் இதே வரிசையைத்தான் சொல்கிறது. மாதத்தை 1 என்று எழுதாமல் 01 என்று எழுதுங்கள். உள்ளே இருக்கும் படங்களில் உங்களுக்கு வேண்டியப்பட்ட பத்துக்கு மட்டும் தனிப்பெயர் போதும்.

தமிழில் பெயர் வைக்கலாமா தம்பி? கணினி குழம்பிவிடும் என்று என் பேரன் சொல்கிறான். (ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

தாராளமாக வைக்கலாம் டீச்சர். இன்றைய விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாமே யூனிகோடு தமிழை ஏற்கின்றன. ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும், அதனால் 85 குறியீட்டுக்கு மேல் போகாது. 'மு' என்று ஓர் எழுத்து எழுதினாலே அது இரண்டு குறியீடு: 'ம' ஒன்று, உகரக் குறி ஒன்று. ஆகவே பெயரில் கதை எழுதாமல் சுருக்கமாக வையுங்கள். சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி இவற்றை விண்டோஸ் ஏற்காது. அப்புறம், தோட்டத்துப் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரு படத்தில் டோவன்பி, இன்னொன்றில் டோவென்பி என்று இருந்தால் தேடும்போது பாதிதான் கிடைக்கும். எல்பில், டோவன்பி, ஹீவுட் என்று ஒரு தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன், நீங்களும் அப்படிச் செய்யலாம்.

அப்பா வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படங்களில் தேதியே இல்லை. என்ன செய்வது?

தெரிந்த வரைக்கும் எழுதுங்கள். வருடம் மட்டும் தெரிந்தால் 1978-00-00. அதுவும் தெரியாவிட்டால் 1970கள் என்று வையுங்கள், வரிசையில் 1970க்கும் 1971க்கும் நடுவில் நிற்கும்.

தேதியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஆட்களின் பெயர். பெரட்டுக் களத்தில் (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) முப்பது பேர் வரிசையாக நிற்கும் படம் ஒன்று வந்தது. ஸ்கேன் அவ்வளவு தெளிவு, தலைத்துணியின் கோடுகூடத் தெரிகிறது. ஆனால் கொண்டுவந்தவருக்கு அதில் இரண்டு பேரைத்தான் தெரியும். மற்ற இருபத்தெட்டு பேரைத் தெரிந்தவர் அவருடைய அத்தை, போன வருடம்தான் தவறிப்போனார். லயத்து வீடுகளும் இல்லை, அந்தக் கோயில் மேடும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை. அந்தப் படம் வந்த நாளிலிருந்துதான் பெயரைக் கேட்டு எழுதாமல் எந்தப் படத்தையும் நான் திருப்பிக் கொடுப்பதில்லை.

எழுதும்போது இடமிருந்து வலமாக எழுதுங்கள். 'பெரியம்மா' என்று மட்டும் எழுதினால் உங்கள் பிள்ளைகளுக்கு அது யாருடைய பெரியம்மா என்று தெரியாது. ஒரே தோட்டத்தில் நாலு முனியம்மா இருந்திருப்பார்கள், அதனால் பெயரோடு 'ஆயக்கொட்டகை முனியம்மா' (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் வேலை செய்தவர்) என்று ஊர் கூப்பிட்ட பெயரையும் சேருங்கள். கோப்புப் பெயரில் அடங்காததை அதே பெயரில் ஓர் எழுத்துக் கோப்பாகப் பக்கத்திலேயே வையுங்கள். படத்தின் பின்பக்கம் பேனாவால் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேன் அளவையும் சொல்லிவிடுகிறேன். 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்தால் 2400க்கு 3600 புள்ளி வரும், பெரிதாக்கி முகம் பார்க்கப் போதும். ஸ்கேன் செய்த கோப்புக்குள் இன்றைய தேதிதான் பதிவாகும், 'எடுத்த தேதி' என்ற இடத்தில் பழைய வருடத்தை நீங்களே மாற்றிவிடுங்கள்.

மாமாவின் அறுபதாம் கல்யாணப் படங்களைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிவிட்டார்கள். அது போதும்தானே?

போதாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், எடுத்த தேதியும் கேமரா விவரமும் கழன்றுவிடும். கோப்புப் பெயரில் நீங்கள் பார்க்கும் தேதி அனுப்பிய நாள், கல்யாண நாள் இல்லை. எடுத்தவரிடம் 'டாக்குமெண்டாக அனுப்புங்கள்' என்று கேளுங்கள், மூலக் கோப்பு அப்படியே வரும். இன்றைக்கே கேளுங்கள், அவர் கைப்பேசியை மாற்றிவிட்டால் மூலமே போய்விடும்.

எல்லாம் கூகுள் போட்டோஸில் இருக்கிறது அண்ணே, பிறகு எதற்கு ஹார்ட் டிஸ்க்?

கூகுள் போட்டோஸ் நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் 2021 ஜூன் 1 முதல் அளவில்லா இலவச இடம் கிடையாது. 15 ஜிபிதான், அதையும் ஜிமெயிலும் டிரைவும் பங்குபோட்டுக் கொள்கின்றன. இன்னொரு விஷயம், கைப்பேசியில் அந்தச் செயலிக்குள் போய் ஒரு படத்தை அழித்தால் மேகத்திலும் (கூகுளின் இணையச் சேமிப்பு) அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், கவனிக்காவிட்டால் அவ்வளவுதான்.

பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு இதற்குச் சரியாக வரும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். அந்த 'வேறு இடம்' நம் ஊருக்கு மிகவும் தேவை. மாலையில் இடி இறங்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். என் முதல் ஹார்ட் டிஸ்க் அப்படித்தான் கணினியோடு சேர்ந்து போனது, அப்பாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் அதில் மட்டும் இருந்தன. இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. படங்களைப் போட்டு முடித்ததும் வயரைக் கழற்றி வையுங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியதை எல்லாரும் பார்த்தோம். ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு பிரதிகளும் தண்ணீருக்கு ஒன்றுதான்.

நான் செய்வது இது: வீட்டில் ஒன்று, மேகத்தில் ஒன்று, ஈப்போவில் தங்கச்சி வீட்டில் ஒன்று. தீபாவளிக்குப் போகும்போது புதுப் படங்களைப் போட்ட டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு அங்கிருப்பதை எடுத்து வருகிறேன்.

பென்டிரைவில் வைத்தால்?

கொண்டுபோய்க் கொடுக்க மட்டும். வருடக்கணக்கில் மின்சாரம் படாமல் இழுப்பறையில் கிடந்தால் உள்ளே இருப்பது மங்கலாம், எளிதில் தொலைந்தும் போகும்.

பெயர் மாற்றினாலோ அடிக்கடி நகல் எடுத்தாலோ படத்தின் தரம் குறையுமா?

குறையாது. ஜேபெக் படத்தைத் திறந்து, வெட்டித் திருத்தி, மறுபடி சேமிக்கும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மூலத்தைத் தொடாமல் நகலில் திருத்துங்கள்.

அம்மாவுக்கு 78 வயது. எல்லாரையும் அவருக்குத்தான் தெரியும், ஆனால் எழுதித்தரச் சொன்னால் மாட்டேன் என்கிறார்.

எழுதச் சொல்லாதீர்கள் அக்கா, பேச விடுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு தொலைக்காட்சியில் ஒரு படத்தைப் பெரிதாகப் போடுங்கள், கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு 'இது யாரும்மா?' என்று மட்டும் கேளுங்கள். ஒரு படத்துக்கு ஓர் ஒலிக்கோப்பு, படத்தின் பெயரே அதற்கும். ஒரு நாளைக்குப் பத்துப் படத்துக்கு மேல் வேண்டாம், களைத்துவிடுவார். கண்ணீர் வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் அதே படத்திலிருந்து தொடங்குங்கள்.