மதுவிலக்குக் காலத்து கேங்ஸ்டர் படங்கள்: எதை நம்பிப் பார்க்கலாம்?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் ஒன்று நடத்துகிறோம். அடுத்த மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்க மதுவிலக்குக் காலத்து கேங்ஸ்டர்களின் வாழ்க்கை வரலாற்றுப் படங்களைத் திரையிடப் போகிறோம். பழைய படங்களாகவும் உண்மைக் கதைகளாகவும் இருக்க வேண்டும் என்பது உறுப்பினர்களின் நிபந்தனை. ‘தி அன்டச்சபிள்ஸ்’ எல்லோரும் பார்த்தாயிற்று. எந்த நான்கை எடுப்பது? எதை எவ்வளவு நம்பலாம்?

பதில்: உங்கள் நிபந்தனையிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. உண்மைக் கதை வேண்டும் என்று தேடினால், நிஜப் பெயர்கள் உள்ள படங்களைத்தான் எடுப்பீர்கள். இந்த வகைப் படங்களில் கணக்கு பெரும்பாலும் தலைகீழ். பெயரை மாற்றி எடுத்தவற்றில் சம்பவங்கள் ஏறக்குறைய நடந்தபடியே இருக்கும். அசல் பெயரைப் போஸ்டரில் போட்டு வந்தவற்றில் பல நேரம் பெயர் மட்டும்தான் அசல்.

முதலில் தேதியை வைத்துப் பட்டியலைச் சலித்துவிடுங்கள். மதுவிலக்கு அமலுக்கு வந்தது 1920 ஜனவரி 17. அன்று, பின்னாளில் சிகாகோவின் சாராய தாதாவான அல் கபோனுக்கு 21-ஆவது பிறந்தநாள். சட்டம் நீக்கப்பட்டது 1933 டிசம்பர் 5. ஜான் டிலிஞ்சர், போனி–கிளைட், பேபி ஃபேஸ் நெல்சன் எல்லோரும் 1934-இல் செத்தவர்கள். தொழில் வங்கிக் கொள்ளை. அவர்களைப் பற்றிய படங்களை மதுவிலக்குப் பட்டியலில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது, ஆனால் அது வேறு உலகம். கொள்ளைக்காரன் ஊர் ஊராக ஓடுகிறான். சாராய முதலாளி ஒரே ஊரில் உட்கார்ந்துகொண்டு போலீசுக்கும் நகரசபைக்கும் மாதப்படி அளக்கிறான். ஆகவே 1945-இன் ‘டிலிஞ்சர்’, 2009-இன் ‘பப்ளிக் எனிமீஸ்’ இரண்டையும் நீக்கிவிடுங்கள். அல் பசினோ நடித்த 1983-இன் ‘ஸ்கார்ஃபேஸ்’ மயாமியில் கொக்கெய்ன் விற்பவனின் கதை. டிஸ்க் வாங்கும்போது ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்; பெயரை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய.

பார்வையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அந்தச் சட்டத்தில் குடிப்பது குற்றமில்லை. தயாரிப்பது, விற்பது, கொண்டுபோவது ஆகியவைதான் குற்றம். கெடு நாளுக்கு முன்னால் வாங்கி வீட்டில் அடுக்கியதைச் சாவகாசமாகக் குடிக்கலாம். மருத்துவர் சீட்டில் விஸ்கி வாங்கலாம். படத்தில் நீதிபதியும் மேயரும் கையில் கோப்பையோடு நிற்பதைப் பார்த்து ‘இதெப்படி’ என்று யாராவது கேட்டால் பாதி விடை இதுதான். மீதி, லஞ்சம்.

முதல் ஞாயிறுக்கு 1931-இல் வந்த ‘தி பப்ளிக் எனிமி’. இயக்கம் வில்லியம் வெல்மன், நடிப்பு ஜேம்ஸ் காக்னி. காக்னி ஏற்ற டாம் பவர்ஸ் என்று ஒருவன் சிகாகோவில் இருந்ததே இல்லை. ஆனால் கதையை எழுதிய ஜான் பிரைட், கூபெக் கிளாஸ்மன் இருவரும் சிகாகோக்காரர்கள்; தெருவில் கேட்டதையும் பார்த்ததையும் எழுதினார்கள். மதுவிலக்குக்கு முந்தைய இரவுக் காட்சியைக் கவனியுங்கள். கடை வாசலில் ஜனம் முண்டியடிக்கிறது. பூக்கடை வண்டியிலிருந்து பூக்களை வீசிவிட்டுப் பாட்டில்களை ஏற்றுகிறார்கள். ஒரு தம்பதி குழந்தை வண்டியில் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். இன்னொரு காட்சியில் தலைவன் குதிரையிலிருந்து விழுந்து சாகிறான். சிஷ்யர்கள் அந்தக் குதிரையைத் தேடிப்போய்ச் சுடுகிறார்கள். அபத்தக் கற்பனை என்று சிரிப்பார்கள். ‘நெயில்ஸ்’ மார்ட்டன் என்ற சிகாகோ தாதா 1923-இல் குதிரைச் சவாரியில் செத்தது நிஜம். கூட்டாளிகள் குதிரையைப் பழிவாங்கினார்கள் என்ற பேச்சு அந்த ஊரில் அப்போதே உலவியது. காக்னி தன் காதலியின் முகத்தில் கிரேப்ஃப்ரூட்டைத் தேய்க்கும் காட்சியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், எனக்குக் குதிரைதான்.

இரண்டாவது ஞாயிறு, 1932-இன் ‘ஸ்கார்ஃபேஸ்’. நான்கில் ஒன்றுதான் காட்ட முடியும் என்றால் இதைக் காட்டுங்கள். தயாரிப்பு ஹோவர்ட் ஹியூஸ், இயக்கம் ஹோவர்ட் ஹாக்ஸ், கதை சிகாகோ பத்திரிகையில் நிருபராக இருந்த பென் ஹெக்ட். பால் முனி ஏற்ற பாத்திரத்தின் பெயர் டோனி கமோன்ட்டே. அது கபோன்தான் என்பது அன்றைக்கு டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவருக்கும் தெரியும். கபோனின் ஆட்கள் இருவர் கதைப் பிரதியோடு தன் ஓட்டல் அறைக்கு வந்து ‘இது எங்கள் அண்ணனைப் பற்றியதா?’ என்று மிரட்டியதாகவும், இல்லவே இல்லை, கூட்டம் சேர்க்கத்தான் அந்தத் தலைப்பு என்று சமாளித்து அனுப்பியதாகவும் ஹெக்ட் பிற்பாடு சொல்வார். கதை சொல்லியின் கதை. முழுக்க நம்பிவிடாமல் ரசிக்கலாம்.

பெயரைத்தான் மாற்றினார்கள், நாட்குறிப்பை மாற்றவில்லை. படம் தொடங்குவது விருந்து முடிந்த ஓர் உணவகத்தில். விசில் அடித்தபடி ஒரு நிழல் வருகிறது, பெரியவர் விழுகிறார். 1920 மே 11-இல் சிகாகோ தாதா பிக் ஜிம் கொலோசிமோ தன் சொந்த உணவகத்திலேயே சுடப்பட்டதன் நகல் அது. பிறகு, எதிராளி ஒஹாராவின் கதை முடிந்தது என்பதற்கு அடையாளமாகக் கொலையாளி ஒரு பூவோடு திரும்பி வருகிறான். 1924 நவம்பர் 10-இல் கபோனின் எதிராளி டீன் ஒபானியனைச் சுட்டது அவருடைய பூக்கடையில்தான். கைகுலுக்க வந்தவன் கையை விடாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் சுட்டார்கள்.

கொலை வரும் காட்சிகளிலெல்லாம் சட்டகத்தில் எங்காவது ஒரு பெருக்கல் குறி இருக்கும். பத்திரிகைகள் பிணம் கிடந்த இடத்தைப் புகைப்படத்தில் அப்படிக் குறிப்பது வழக்கம். வேலன்டைன் தினப் படுகொலைக் காட்சியில் (நிஜச் சம்பவம் நான்காவது ஞாயிறில் வரும்) கேமரா கூரைக் கட்டைகளின் ஏழு பெருக்கல் குறிகளிலிருந்து கீழே இறங்குகிறது. சுவரில் ஏழு நிழல்கள். போரிஸ் கார்லாஃப் சாகும் பௌலிங் அரங்கக் காட்சியில் ஒருவர் மதிப்பெண் தாளில் பெருக்கல் குறி போடுகிறார், பந்து உருள்கிறது, துப்பாக்கி வெடிக்கிறது, கடைசிக் கட்டை மட்டும் தள்ளாடித் தள்ளாடி விழுகிறது. நாலு வருஷம் கழித்து, 1936 பிப்ரவரியில், கபோனின் ஆளான ஜாக் மெக்கர்னைச் சிகாகோவில் ஒரு பௌலிங் அரங்கத்தில்தான் சுட்டுக் கொன்றார்கள். வாழ்க்கை படத்தைப் பார்த்துக் காப்பியடித்தது போல.

பொய்யும் இருக்கிறது. டோனியின் தங்கையைச் சுற்றி வரும் கதை முழுக்கக் கற்பனை. தன் குருவை டோனி கொல்வதும் அப்படியே. நிஜத்தில் கபோனின் குரு ஜானி டோரியோ 1925 ஜனவரியில் குண்டடி பட்டுப் பிழைத்து, தொழிலைக் கபோனிடம் ஒப்படைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். நடுவில் ஒரு பத்திரிகை அதிபர் எழுந்து நாட்டு மக்களுக்கு உபதேசம் செய்வார். அது தணிக்கைக்காரர்களைச் சமாதானப்படுத்தப் பிற்பாடு ஒட்டியது, ஹாக்ஸ் எடுத்ததல்ல. அந்த நேரத்தில் தேநீர் கொடுத்துவிடலாம். இரண்டு முடிவுகள் உண்டு: ஒன்றில் டோனி தெருவில் சுடப்படுகிறான், மற்றதில் தூக்குத் தண்டனை. முதலாவதையே போடுங்கள். தூக்குக் காட்சியில் முனியே இல்லை.

அதன்பின் ஒரு நீண்ட இடைவெளி. 1934 முதல் ஹாலிவுட் தன் ஒழுக்க விதிகளைக் கண்டிப்பாக அமல்படுத்த, நிஜக் குற்றவாளியின் பெயரைத் திரையில் வைப்பதே பெரும்பாடானது. பிடி தளர்ந்தது ஐம்பதுகளின் பிற்பகுதியில். கபோன் 1947-இலேயே படுக்கையில் செத்துப்போயிருந்தார்.

மூன்றாவது ஞாயிறு, 1959-இன் ‘அல் கபோன்’. இதில் பெயர் அசல். ராட் ஸ்டைகர் அந்த மனிதனை ரசிக்கும்படி நடிக்கவில்லை. கத்துகிறான், வியர்க்கிறான், கெஞ்சுகிறான். அதற்காகவே இதைச் சேர்க்கிறேன். ஆனால் கொல்லப்பட்டவன் ஒருவனின் மனைவியைக் கபோன் காதலிப்பதாக வரும் பாதியை நம்பாதீர்கள். அசல் கபோன் 1918 டிசம்பரிலேயே மே காஃப்லினை மணந்துவிட்டார்; படம் வந்தபோது அந்த அம்மாள் உயிரோடு இருந்தார். லஞ்சம் வாங்கும் நிருபர் கீலியை மட்டும் கவனமாகப் பாருங்கள். அவர் ‘சிகாகோ டிரிப்யூன்’ நிருபர் ஜேக் லிங்கிளின் சாயல். 1930 ஜூன் 9-இல் லிங்கிள் ரயில் நிலையச் சுரங்கப்பாதையில் சுடப்பட்டபோது, பத்திரிகைச் சுதந்திரத்தின் தியாகி என்று ஊரே அழுதது. வாரம் 65 டாலர் சம்பளக்காரரின் இடுப்பில் கபோன் பரிசளித்த வைரம் பதித்த பெல்ட் இருந்தது என்பது அப்புறம்தான் வெளிவந்தது. பாருங்கள், இங்கேயும் பெயரை மாற்றிய பாத்திரம்தான் நிஜத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

என் விதிக்கு விலக்கு ஒன்று உண்டு. அதை நான்காவது ஞாயிறுக்கு வையுங்கள்: ரோஜர் கோர்மனின் ‘தி செயின்ட் வேலன்டைன்ஸ் டே மாஸக்கர்’, 1967. ஒவ்வொருவரும் திரைக்கு வரும்போது ஒரு குரல் போலீஸ் கோப்பை வாசிப்பது போல அவருடைய பிறப்பு, தொழில், முடிவு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. யார் சாகப்போகிறார்கள் என்பது காலையிலேயே நமக்குத் தெரியும். அவர்களோ முகம் கழுவிக்கொண்டும் காபி குடித்துக்கொண்டும் இருக்கிறார்கள். 1929 பிப்ரவரி 14, வடக்கு கிளார்க் தெரு, 2122-ஆம் எண் கராஜ். போலீஸ் உடையில் இருவர் வந்ததால் வழக்கமான சோதனை என்று எண்ணி ஏழு பேரும் சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள்; அப்படியே சுட்டுத் தள்ளப்பட்டார்கள். அதில் ஒருவர் மெக்கானிக். இன்னொருவர் தாதாக்களோடு பழகுவதில் ஆசை கொண்ட மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். குறிவைக்கப்பட்ட எதிராளி பக்ஸ் மோரன் தாமதமாக வந்ததால் தப்பினார். யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. கபோனாக வரும் ஜேசன் ரோபார்ட்ஸ் உருவத்தில் துளியும் பொருந்தவில்லை. கபோன் பாத்திரத்துக்கு ஆர்சன் வெல்ஸ்தான் வேண்டும் என்று கோர்மன் கேட்டார், ஸ்டுடியோ ஒத்துக்கொள்ளவில்லை. இதில் ரத்தம் அதிகம், பள்ளிப் பிள்ளைகள் வருவதானால் முன்பே சொல்லிவிடுங்கள்.

1960-இன் ‘தி ரைஸ் அண்ட் ஃபால் ஆஃப் லெக்ஸ் டயமண்ட்’ படத்தை யாராவது பரிந்துரைப்பார்கள். நல்ல படம், மோசமான வரலாறு. தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்துவிட்ட ‘தி அன்டச்சபிள்ஸ்’ பற்றி இரண்டு வார்த்தை. கபோனின் ஆளான ஃபிராங்க் நிட்டியைக் கூரையிலிருந்து மதுவிலக்கு அதிகாரி எலியட் நெஸ் தள்ளிவிடவில்லை; நிட்டி 1943-இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். கபோனை 11 ஆண்டு உள்ளே தள்ளியது நெஸ்ஸின் துப்பாக்கி அல்ல, வருமான வரித்துறையின் கணக்குப் புத்தகம். ஆனால் ‘இது நிச்சயம் சினிமா’ என்று நாம் சிரிக்கும் ஜூரி மாற்றம் நிஜம். நீதிபதி வில்கர்சன், விசாரணை தொடங்கும்போதே மொத்த ஜூரிக் குழுவையும் வேறொரு நீதிமன்றத்தின் குழுவோடு மாற்றிவிட்டார்.

ஏற்பாடுகளைப் பொறுத்தவரை: ‘பப்ளிக் எனிமி’ மறுவெளியீட்டில் வெட்டுப்பட்ட படம், மீட்டெடுத்த பதிப்பு என்று அட்டையில் இருப்பதையே வாங்குங்கள். 1931, 1932 படங்களில் பேச்சு மழை போலக் கொட்டும், அக்காலச் சிகாகோக் கொச்சை வேறு. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் சப்-டைட்டில் வேண்டும். வீட்டில் பார்க்க வாங்கிய டிஸ்க் பொதுத் திரையிடலுக்கு உரிமை தராது. நூலகத்தில் காட்டுவதானால் உரிமையாளரிடம் எழுதிக் கேளுங்கள், பதில் வர நாளாகும், இந்த வாரமே எழுதிவிடுங்கள். இரண்டாம், நான்காம் ஞாயிறுகளுக்கு இடையே கிளார்க் தெருக் கொலையைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு அச்சடித்துக் கொடுங்கள். ஒரே சம்பவத்தை ஹாக்ஸ் ஏழு நிழல்களில் முடித்ததையும் கோர்மன் முழு நீளப் படமாக இழுத்ததையும் உறுப்பினர்களே ஒப்பிட்டுச் சண்டை போடட்டும்.